ஓசை அறிந்து ஓதுவோம்



இந்த மாதப் பாடம் ஓசையைப் பற்றியது. நாம் பேசும் பேச்சில் இருக்கிற ஏற்ற இறக்கம், ஓதும் பதிகத்தில் இருக்கிற நடை, இரண்டையும் பார்க்கப் போகிறோம். 'இலக்கணமா?' என்று பக்கத்தைப் புரட்டிடாதீங்க. ஒரு கோப்பி குடிக்கிற நேரம் போதும். முதலில் எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. ஈப்போவில் எங்கள் வீட்டில் பாட்டியின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். ஓதுவார் வரத் தாமதமானது. பெரியம்மா என்னைப் பார்த்து, "நீதான் மூத்த பேரன். சமய வகுப்புக்கெல்லாம் போறியே, ஒரு திருவாசகம் பாடுப்பா" என்றார். நான் படித்தது தேசியப் பள்ளி. அப்போது எனக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. கைப்பேசியில் ரோமன் எழுத்தில் இருந்ததைத் தேடி எடுத்துப் படித்தேன். மூன்று வரி தாண்டவில்லை. எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது, எதுவும் தெரியவில்லை. நாக்கு புரண்டது.

பாட்டியோடு ஒரே தோட்டத்தில் பால் வெட்டிய தோழி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் கையை மெதுவாகப் பிடித்து, "போதும் சாமி, நீ படிக்கிறது எனக்கு வெளங்கல" என்றார். திட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். பிறகு பாட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார். அவர் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதவர். ஆனால் ஒரு சொல் தடுக்கவில்லை. ஒவ்வொரு வரியும் ஒரே அளவில் வந்து விழுந்தது. வரி முடிவில் குரல் இழுத்து இறங்கியபோது வீடே அழுதது.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. என்னிடம் சொற்கள் இருந்தன, ஓசை இல்லை. அவரிடம் ஓசை இருந்தது. அதனால்தான் அவர் பாடியது பாட்டிக்குச் செய்த மரியாதையாக இருந்தது. நான் படித்தது வெறும் சத்தமாகப் போயிற்று.

பாட்டியின் நெரை

1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன என்று படித்திருப்பீர்கள். அந்த மரம்தான் பின்னாளில் நம் முன்னோரைக் கடல் கடந்து இந்தப் பேராக் மண்ணுக்குக் கொண்டுவந்தது. என் பாட்டி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில்தான். விடியுமுன்னே பெரட்டு. தலையில் விளக்கு, கையில் உளி. ஒட்டுப்பாலை உரித்து எடு, பட்டையைச் சீவு, மங்கைத் திருப்பி வை, அடுத்த மரத்துக்கு நட. இதே வரிசை ஒரு காலையில் நூற்றுக்கணக்கான தடவை. "மனசுக்குள்ள ஒரு பாட்டு ஓடிக்கிட்டே இருக்கணும்டா, இல்லன்னா கை தப்பிடும், மரத்துல காயம் பட்டுடும்" என்பார் பாட்டி.

மரங்கள் நிற்கும் வரிசையை அவர்கள் 'நெரை' என்பார்கள். "ரெண்டு நெரை முடிச்சாச்சு, இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்று பேசிக்கொள்வார்கள். அது 'நிரை' என்ற நல்ல தமிழ்ச்சொல். வரிசை என்று பொருள். பல ஆண்டுகள் கழித்து யாப்பிலக்கணம் படிக்க உட்கார்ந்தபோது முதல் பக்கத்திலேயே நேர், நிரை என்று இருந்தது. பாட்டி வாயில் கேட்ட சொல்லைப் புத்தகத்தில் பார்த்ததும் பயம் போய்விட்டது. இனிப் பாடத்துக்கு வருவோம்.

முதல் படி: மாத்திரை

ஓசையின் அளவுக்கு மாத்திரை என்று பெயர். ஒரு தடவை இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரம், அல்லது ஒரு தடவை விரலை நொடிக்கும் நேரம், ஒரு மாத்திரை. தொல்காப்பியமும் நன்னூலும் இந்த அளவைத்தான் சொல்கின்றன. கடிகாரம் இல்லாத காலத்தில் எல்லாரிடமும் இருந்த கருவி கண்ணும் கையும்தானே.

குறிலுக்கு ஒரு மாத்திரை. நெடிலுக்கு இரண்டு. புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கு அரை. 'முருகா' என்று சொல்லிப் பாருங்கள். மு ஒன்று, ரு ஒன்று, கா இரண்டு. மொத்தம் நான்கு. 'அம்மா' என்றால் அ ஒன்று, ம் அரை, மா இரண்டு. மொத்தம் மூன்றரை.

இந்த அளவை மீறுகிற இடங்களும் உண்டு. பாடும்போதும், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போதும், கூவி விற்கும்போதும் எழுத்துகள் தம் அளவைத் தாண்டி நீளலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. பால் காட்டில் ஒரு நெரையிலிருந்து இன்னொரு நெரைக்குக் குரல் கொடுத்தார்களே, அது விளி. புந்தோங்கில் கச்சாங் பூத்தே கூவி விற்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆகவே நீட்டுவது தவறில்லை. எதை நீட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

இரண்டாம் படி: நேரும் நிரையும்

எழுத்துகள் சேர்ந்து அசை ஆகும். அசை இரண்டே வகை.

தனியாக நிற்கும் குறில் அல்லது நெடில், ஒற்று சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நேர் அசை. கல், பூ, பால் எல்லாம் நேர்.

குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்து வந்தால், ஒற்று சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நிரை அசை. மலர், சிவா, தமிழ் எல்லாம் நிரை. தோட்டத்து வீட்டு வரிசையை 'லயம்' என்றோமே, அதுவும் ஒரு நிரைதான்.

அசைகள் சேர்ந்தால் சீர். ஈரசைச் சீருக்கு நான்கு வாய்பாடு.

நேர் நேர்: தேமா. நேர் நிரை: கூவிளம். நிரை நேர்: புளிமா. நிரை நிரை: கருவிளம்.

நமக்குத் தெரிந்த சொற்களையே போட்டுப் பார்ப்போம். ஈப்போ: ஈப் + போ, தேமா. புந்தோங்: புந் + தோங், தேமா. ஆலயம்: ஆ + லயம், கூவிளம். முருகா: முரு + கா, புளிமா. திருமுறை: திரு + முறை, கருவிளம். மூன்றசை வேண்டுமா? கல்லுமலை: கல் + லும + லை, நேர் நிரை நேர். இதற்குக் கூவிளங்காய் என்று பெயர். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக்கொண்டு கல்லுமலைக்குப் போகிறவர்கள் அடுத்த தடவை நடந்துகொண்டே சொல்லிப் பாருங்கள்.

ரோமன் எழுத்தில் என்ன போகிறது?

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் படிவம் நான்கு படிக்கும் தம்பி ஒருவன் சேர்ந்தான். தைப்பூசத்தில் உறுமி அடிப்பான். கை அபாரமாகப் பேசும். ஆனால் திருமுறை ஓதும் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் ஒதுங்குவான். "எனக்கு அடிக்கத்தான் தெரியும் அண்ணே, பாட வராது" என்பான். ஒரு நாள் பார்த்தேன். அவன் கையிலும் புலனத்தில் வந்த அதே ரோமன் எழுத்துத் தாள். பத்தொன்பது வயதில் நான் நின்ற அதே இடத்தில் அவன் நின்றான்.

ரோமன் எழுத்தில் பெரும்பாலும் அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஒரே எழுத்துதான் போடுகிறார்கள். படம், பாடம் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பல், பால் ஒன்றாகும். கொடு, கோடு ஒன்றாகும். விடு, வீடு ஒன்றாகும். பொருள் மாறுவது ஒரு பக்கம். ஓசை உடைவது இன்னொரு பக்கம்.

'வருவாய்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வரு + வாய், நிரை நேர், புளிமா. தெரியாமல் முதல் எழுத்தை நீட்டி 'வாருவாய்' என்று படித்துவிட்டால் வா + ருவாய், நேர் நிரை, கூவிளம். ஒரே ஒரு எழுத்துதான் நீண்டது. சீரே மாறிவிட்டது. அடுத்த சீரோடு பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தாது. நாக்கு தடுக்கும். தடுக்கினவன் தனக்குத் திறமை இல்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுவான். குறை அவனிடம் இல்லை, தாளில் இருக்கிறது.

அந்தத் தம்பியிடம், "நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு ரெண்டு வேகமான தட்டு, மேசையில அடி" என்றேன். தேமா, புளிமா, கூவிளம், கருவிளம், நான்கும் ஐந்து நிமிடத்தில் அவன் விரலுக்கு வந்துவிட்டது. எனக்கு இரண்டு வாரம் பிடித்த பாடம் அது! "இது நம்ம தகிட, தகதிமி மாதிரிதானே அண்ணே?" என்று கேட்டான். அடிப்படை அதுதான். மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தக தகிட, ஏழுக்குத் தகிட தகதிமி. அருணகிரிநாதர் திருப்புகழில் விதவிதமான சந்தங்களை அள்ளிக் கொட்டியிருக்கிறார். அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடினார். காவடியோடு ஆடும் காலுக்கு ஏற்ற நடை அது. உறுமி அடிக்கிற கைக்கு இதெல்லாம் அந்நியம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பண்ணோடு பாடும்போது தாளக் கணக்கு வேறு. அசைக் கணக்கு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் குறில் நெடில் சிதைந்தால் எந்தத் தாளமும் அந்தச் சொல்லைக் காப்பாற்றாது.

நான்கு ஓசை

பாவுக்குப் பா ஓசை மாறும். வெண்பாவுக்குச் செப்பலோசை. செப்புதல் என்றால் சொல்லுதல், விடை கூறுதல். ஆசிரியப்பாவுக்கு அகவலோசை. அகவுதல் என்றால் அழைத்தல்; மயில் அகவும் என்கிறோமே, அந்தச் சொல். கலிப்பாவுக்குத் துள்ளலோசை, கன்று துள்ளுவது போல. வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. இங்கே தூங்கல் என்றால் உறக்கம் இல்லை. தொட்டில் தொங்கி அசைவது போன்ற மெல்லிய நடை.

இது தெரிந்தால் ஓதுவதில் என்ன மாறும்? நம் கோயில்களில் அதிகம் ஓதப்படும் சிவபுராணத்தையே பாருங்கள். 95 அடிகள். கலிவெண்பா. வெண்பா வழியில் வருவதால் அதன் ஓசை செப்பல். அதாவது ஒருவர் முன் நின்று நெஞ்சைத் திறந்து சொல்லும் ஓசை. நாம் என்ன செய்கிறோம்? பேருந்தைப் பிடிக்கப் போகிற மாதிரி ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறோம். 95 அடியும் முடிகிறது, ஒன்றும் சொன்னதாகத் தெரிவதில்லை.

வெண்பா எப்படி அமைகிறது என்று காட்ட ஒரு குறள் வெண்பா நானே எழுதிப் பார்த்தேன். கவிதை என்று கொண்டாட வேண்டாம், பயிற்சிக்கு மட்டும்.

பாட்டி நடந்த நிரையெல்லாம் வீடாச்சு
பாட்டு மறக்க விடேன்

அலகிட்டுப் பாருங்கள். பாட்/டி தேமா. நடந்/த புளிமா. நிரை/யெல்/லாம் புளிமாங்காய். வீ/டாச்/சு தேமாங்காய். பாட்/டு தேமா. மறக்/க புளிமா. கடைசியில் 'விடேன்' ஒரே நிரை அசை; இதற்கு மலர் என்று வாய்பாடு. மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், காய்ச்சீருக்குப் பின் நேர் வர வேண்டும். விளச்சீர் வந்தால் அதற்குப் பின்னும் நேர்தான். இதுதான் வெண்டளை. ஒவ்வொரு இடத்திலும் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 'வீடாச்சு' பேச்சு வழக்குதான். ஆனாலும் ஓசை குறையவில்லை. பேச்சுத் தமிழ் மட்டம், அதில் ஓசை வராது என்பவர்களுக்கு இதுவே பதில்.

பொருளும் உண்மைதான். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களுக்கே நிலம் வேண்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது நமக்குத் தெரியும். அப்படித் தப்பியவை சில. மற்றவை செம்பனையாகவும் தாமானாகவும் மாறின. பாட்டி நடந்த நெரைகளில் இன்று கல்வீடுகள் நிற்கின்றன. மரம் போனது நம் கையில் இல்லை. ஓசை போவதும் போகாததும் நம் கையில்தான் இருக்கிறது.

பேச்சில் ஓசை

கடைசியாகப் பேச்சு. குரலை உயர்த்திச் சொல்வதை எடுத்தல் என்றும், தாழ்த்திச் சொல்வதைப் படுத்தல் என்றும், இடைப்படச் சொல்வதை நலிதல் என்றும் இலக்கணத்தார் பிரித்தார்கள். "அம்மா சாப்பிட்டாச்சு" என்று குரலை இறக்கினால் செய்தி. அதையே கடைசியில் ஏற்றினால் கேள்வி. சொல் ஒன்றுதான்.

நிறுத்தும் இடமும் பொருளை மாற்றும். 'பலகை' என்று சேர்த்துச் சொன்னால் மரப்பலகை. 'பல கை' என்று பிரித்தால் பல கைகள். எங்கள் கோயிலில் ஒரு தம்பி ஒலிபெருக்கியில், "இன்னிக்குப் பூசை இல்ல சாமி, ஊர்வலம்" என்று அறிவித்தான். 'இல்ல' என்ற இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். சாமி ஊர்வலம் வருகிறது என்று சொல்ல வந்தவன், பக்தர்களையெல்லாம் 'சாமி' என்று கூப்பிட்டுவிட்டான்! எல்லாரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். மேடையில் பேசுகிற இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: மனப்பாடம் செய்யும் முன்னே, எங்கே மூச்சு விடுவது என்று தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாதப் பயிற்சி

1. உங்களுக்குத் தெரிந்த ஒரு பதிகத்தைத் தமிழ் எழுத்திலேயே எடுங்கள். தமிழ் எழுத்து தெரியாதவர்கள் ஒரு நாளைக்கு ஐந்து எழுத்து என்று தொடங்குங்கள். வெட்கம் வேண்டாம். நான் இருபது வயதில்தான் தொடங்கினேன்.

2. பாடாதீர்கள். முதலில் பேசுவது போலச் சொல்லுங்கள். நெடில் வருமிடமெல்லாம் அடிக்கோடு இடுங்கள்.

3. ஒரு அடியை அலகிட்டு, நேருக்கு ஒன்று, நிரைக்கு இரண்டு என்று தட்டிப் பாருங்கள்.

4. பொருளைத் தெரிந்துகொண்டு நிறுத்துமிடங்களைக் குறியுங்கள். அதன்பிறகு ஓதுவாரிடமோ ஆசிரியரிடமோ பண்ணைக் கேட்டுப் பாடுங்கள்.

5. வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். தாலாட்டோ, நடவுப் பாட்டோ, ஒப்பாரியோ, ஏதாவது ஒன்றைப் பாடச் சொல்லி அவர் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயர், தோட்டம், தேதியையும் எழுதி வையுங்கள். இந்த ஐந்தில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மற்ற நான்கையும் அடுத்த ஆண்டுகூடச் செய்யலாம். இதற்குக் காலம் காத்திருக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? பாட்டி வீட்டில் ஒப்பாரி பாடிய அந்த அம்மாவைத் தேடி, தமிழ் எழுதக் கற்றுக்கொண்ட பிறகு போனேன். அவர் பாட்டுகளை எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகம்கூட வாங்கி வைத்திருந்தேன். அவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் மகளிடம் கேட்டேன். "அம்மா பாடுவாங்க, நாங்க யாரும் கத்துக்கல தம்பி" என்றார். அந்த நோட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

உறுமி அடிக்கிற தம்பி போன ஆண்டு போட்டியில் கலந்துகொண்டான். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கையில் கைப்பேசி இல்லாமல், தமிழில் படித்துத் தெரிந்துகொண்ட பதிகத்தை, ஒரு இடமும் தடுக்காமல் ஓதினான். கீழே அவன் தாத்தா உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "வெளங்கிச்சுடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாட்டி திதிக்கு இப்போது நான்தான் ஓதுகிறேன். குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் பெரியம்மா கூடவே முணுமுணுக்கிறார், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார். இருவரும் ஒரே மூச்சில் அடுத்த அடியை எடுக்கிறோம்.

அடுத்த மாதம் பண்களைப் பார்ப்போம். அதற்குள் பெரியவர்களோடு பேசிவிட்டு வாருங்கள்.